எதிர்க்காற்றில் ஒரு பயணம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்படிப்பட்ட மேடையில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். அதை எனக்கு முன்னே பேசியவர்கள் நன்றாகவே பேசிவிட்டார்கள். ஆகவே நான் கடலைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். தோட்டத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நம் பாட்டன் பூட்டன் எல்லாம் கடல் தாண்டித்தானே இங்கே வந்தார்கள்? ரஜூலா கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் நிமிர்ந்து உட்காரும் பெரியவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். ஆனால் ரஜூலா நீராவிக் கப்பல். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அதற்கு அக்கறையில்லை. கரியோ எண்ணெயோ இருந்தால் போகும். நான் சொல்லப் போவது அதற்கு முந்திய காலத்துக் கதை. இயந்திரம் இல்லை, பாய் மட்டும்தான். போக வேண்டிய திசையிலிருந்தே காற்று வருகிறது. அப்போது என்ன செய்வது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பாய்மரக் கப்பல் காற்றுக்கு நேர் எதிரே போகவே முடியாது. எப்பேர்ப்பட்ட மாலுமியாலும் முடியாது. ஆனால் காற்றுக்குக் கொஞ்சம் சாய்வாகப் போக முடியும். நனைந்த புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பாருங்கள். அது முன்னாலே தெறித்து ஓடும். பாய் ஒரு பக்கம் தள்ளுகிறது, படகின் அடிப்பாகம் நீரில் நின்று பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட படகு புளியங்கொட்டை மாதிரி முன்னாலே போகிறது. கொஞ்ச தூரம் வலது சாய்வாக, பிறகு திரும்பி இடது சாய்வாக, மறுபடி வலதாக. மேட்டு நெறையில் காண்டா கட்டிப் பால் தூக்கியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. செங்குத்தான மேட்டில் யாராவது நேராக ஏறுவார்களா? வளைந்து வளைந்துதான் ஏறுவார்கள்.

அப்படியானால் சுலபந்தானே என்று நினைப்பீர்கள். இங்கேதான் கணக்கு வருகிறது. பெரிய பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

காற்றுக்கு 45 பாகை சாய்வாகப் போகக்கூடிய நல்ல படகு, நேர்வழியில் 100 மைல் முன்னேற வேண்டுமானால் 141 மைல் ஓட வேண்டும். இது இந்தக் காலத்துப் பந்தயப் படகு. நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே இருந்த கப்பல்களில் சதுரப் பாய் கட்டியிருப்பார்கள். அவை சுமார் 67 பாகைக்குக் கிட்டே சாய்ந்தால்தான் ஓடும். அந்தக் கணக்குப்படி 100 மைலுக்கு 260 மைல். அதோடு முடிந்ததா? சாய்ந்து ஓடும்போது காற்று கப்பலைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். அதையும் சேர்த்தால் 100 மைல் முன்னேற 500 மைல் ஓட வேண்டியிருக்கும். நாள் முழுவதும் ஆட்கள் கயிறு இழுத்துக் களைத்துப் போவார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் நேற்றுப் பார்த்த அதே மலை அதே இடத்தில் நிற்கும்.

நம்முடைய கடல் நல்ல கடல். இங்கே காற்று வருஷத்துக்கு இரண்டு தடவை திசை மாறுகிறது. ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. கடாரம் என்று நம் முன்னோர் சொன்ன இன்றைய கெடாவிலிருந்து நாகப்பட்டினம் போகிறவன் வடகிழக்குக் காற்றுக்குக் காத்திருந்தால் போதும், அது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். ஏழாம் நூற்றாண்டில் சீன நாட்டுப் பௌத்தத் துறவி ஒருவர் கெடாவிலிருந்து மேற்கே கப்பலேறி 30 நாளில் நாகப்பட்டினம் சேர்ந்ததாக, அவர் காலத்திலேயே வாழ்ந்த ஈ-சிங் எழுதி வைத்திருக்கிறார். மலாக்கா துறைமுகம் வளர்ந்ததற்கும் இந்தக் காற்றே ஒரு பெரிய காரணம். குஜராத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்த வியாபாரிகள் காற்றுத் திரும்பும் வரை அங்கே மாதக்கணக்கில் தங்கினார்கள். தங்கியவன் சும்மாவா இருப்பான்? கடை வைத்தான், வீடு கட்டினான், கல்யாணமும் பண்ணிக்கொண்டான்! மலாக்காச் செட்டிகள் என்று இன்றும் ஒரு சமூகம் அங்கே வாழ்கிறது.

ஆக, எதிர்க்காற்றுக்கு முதல் மருந்து காத்திருப்பது. நம் ஜனங்களுக்கு இது புதிது இல்லை. மழை நாளில் யாரும் பால் வெட்டப் போவதில்லை. மரம் இலையுதிர்க்கும் காலத்தில் பால் குறையும் என்று தெரிந்து அதற்கேற்பச் செலவைக் கட்டுப்படுத்திய குடும்பங்கள் இவை. இன்று கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது. காலம் பார்க்கும் பழக்கம் போகவில்லை.

ஆனால் காத்திருந்தாலும் காற்றுத் திரும்பாத கடல் ஒன்று இருக்கிறது. அதுதான் பசிபிக் மாகடல். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 30ஆவது பாகை வரையில் அங்கே வருஷம் முழுவதும் கிழக்கிலிருந்துதான் காற்று வருகிறது. வியாபாரக் காற்று என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சூரிய வெப்பத்தால் பூமத்திய ரேகைப் பக்கம் காற்று சூடாகி மேலே எழும்புகிறது; அந்த இடத்தை நிரப்ப வடக்கிலிருந்து காற்று ஓடி வருகிறது; பூமி சுற்றுகிற சுற்றில் அது சாய்ந்து வடகிழக்கிலிருந்து வருவதாக ஆகிறது. சூரியன் இருக்கிற வரை இது நிற்காது.

பாகை என்றால் என்ன என்று சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள். பூமத்திய ரேகை 0, வட துருவம் 90. நம் கோலாலம்பூர் 3ஆவது பாகையில் இருக்கிறது. சென்னை 13. ஜப்பானின் தோக்கியோ ஏறக்குறைய 36. இந்த நாலு எண்ணையும் நினைவில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை புரியும்.

1521ஆம் ஆண்டு மகெல்லனின் கப்பல்கள் அமெரிக்கப் பக்கத்திலிருந்து பசிபிக்கைக் கடந்து பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு வந்தன. காற்று பின்னாலிருந்து தள்ளியது. மகெல்லன் அங்கே நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். மிஞ்சிய இரண்டு கப்பல்களில் ஒன்று மேற்கே போய் ஆப்பிரிக்காவைச் சுற்றி ஊர் சேர்ந்தது. திரினிதாத் என்ற மற்றக் கப்பல், வந்த வழியே கிழக்கே திரும்பிப் போக 1522 ஏப்ரலில் கிளம்பியது. எதிர்க்காற்று. வடக்கே வடக்கே ஒதுங்கி 42ஆவது பாகை வரை போனார்கள். அங்கே குளிர், புயல், உணவு தீர்ந்து போனது. வெப்ப நாட்டுக்கென்று வந்தவர்களிடம் கம்பளித் துணி ஏது? ஐம்பது சொச்சம் பேரில் முப்பது பேருக்கு மேல் மாண்டார்கள். திரும்பி வந்தவர்களைப் போர்த்துக்கீசியர் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கப்பலில் கிளம்பியவர்களில் கடைசியில் ஐரோப்பா போய்ச் சேர்ந்தது நாலைந்து பேர்தான்.

அதற்குப் பிறகு சாவேத்ரா என்பவர் 1528இல் ஒரு தடவை, 1529இல் ஒரு தடவை முயன்றார். முதல் தடவை நியூகினியின் கரையோரமாகக் கிழக்கே முட்டிப் பார்த்துத் திரும்பினார். இரண்டாவது தடவை வடக்கே போனார். நடுக்கடலில் இறந்தே போனார். அவருடைய ஆட்கள் ஏறக்குறைய 30ஆவது பாகை வரை போய், இனி முடியாது என்று திரும்பிவிட்டார்கள். 1543இல் தெ லா தோரே என்பவரும் அதே 30ஐ எட்டிக் குடிதண்ணீர் போதாமல் திரும்பினார். 1545இல் இன்னொருவர் தெற்கே போய்ப் பார்த்தார், அதுவும் தோல்வி.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். 30ஆவது பாகைக்கு வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். அந்த இடத்தில் காற்று சோம்பேறிக் காற்று. அடித்தால் அடிக்கும், இல்லாவிட்டால் நிற்கும். கப்பலில் இருக்கிறவனுக்கு என்ன தோன்றும்? "இவ்வளவு தூரம் வந்தும் ஒன்றும் இல்லையே, இன்னும் வடக்கே போனால் செத்துப் போவோம்" என்றுதான் தோன்றும். ஆனால் இன்னும் ஏழெட்டுப் பாகை தாண்டினால் மேலைக் காற்று, அதாவது மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிற காற்று, வலுவாகக் காத்திருக்கிறது. ஜப்பானுக்குப் பக்கத்தில் குரோஷியோ என்னும் வெதுவெதுப்பான நீரோட்டமும் வடகிழக்காகத் தூக்கிக்கொண்டு போகும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர்ப் பீப்பாய் காலியாகும்போது துணிச்சலைப் பற்றிப் பேசுவது மேடையில் நிற்கிறவனுக்குச் சுலபம். அவர்களிடம் துணிச்சல் இருந்தது, திட்டம் இல்லை. எவ்வளவு வடக்கே போக வேண்டும், எந்த மாதம் கிளம்ப வேண்டும், எத்தனை நாளைக்குத் தண்ணீர் வேண்டும் என்ற மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட ஆள் இல்லை.

அந்த ஆள் 1525ஆம் ஆண்டே கடலுக்கு வந்துவிட்டார். உர்தானேத்தா என்று பெயர். அப்போது பதினேழு வயதுப் பையன். ஏழு கப்பல்களோடு ஸ்பெயினிலிருந்து கிளம்பிய கூட்டத்தில் அவரும் ஒருவர். ஏழில் ஒன்றுதான் மொலுக்காத் தீவுகளுக்கு வந்து சேர்ந்தது. திரும்ப வழியில்லாமல் எட்டு ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தீவுகளிலேயே கிடந்தார். சாவேத்ரா இரண்டு தடவையும் கிளம்பிப் போனதும், தோற்ற கப்பல் திரும்பி வந்ததும் அந்த இளைஞர் அங்கே இருந்த காலத்தில்தான். எந்த மாதம் எந்தக் காற்று என்பதை அங்கே வாழ்ந்தே தெரிந்துகொண்டார். 1536இல் ஐரோப்பா திரும்பி, பிறகு மெக்சிகோ போய், துறவியாகி மடத்தில் சேர்ந்துவிட்டார். கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1559இல் ஸ்பெயின் அரசரிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது: பிலிப்பைன்சுக்குப் போகும் படையோடு நீங்களும் போக வேண்டும், திரும்பும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று. அவர்கள் நாடு பிடிக்கப் போனார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. அந்த நியாய அநியாயத்தைப் பேச இன்னொரு மேடை வேண்டும். இன்று காற்றை மட்டும் பார்ப்போம்.

1564 நவம்பரில் மெக்சிகோவிலிருந்து கிளம்பிய கப்பல்கள் மூன்று மாதத்துக்குள் பிலிப்பைன்ஸ் சேர்ந்தன. போவது அவ்வளவு சுலபம். திரும்புவதற்கு உர்தானேத்தா அவசரப்படவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று பிடிக்கும் வரை காத்திருந்தார். இதே பருவக்காற்றுத்தான், பிள்ளைகளே, நம் கடலில் அடிப்பதும். அது பிலிப்பைன்ஸ் கடலிலும் வீசி, கப்பலை வடகிழக்காகத் தூக்கிவிடும். 1565 ஜூன் 1ஆம் தேதி சான் பெத்ரோ என்ற கப்பல் செபு தீவிலிருந்து கிளம்பியது. ஏறக்குறைய 200 பேர். கப்பல் தலைவனாக இருந்தவன் பதினெட்டு வயதையொட்டிய ஓர் இளைஞன், படைத்தலைவரின் பேரன். பக்கத்தில் ஐம்பத்தேழு வயதுத் துறவி. சிறுசும் பெருசும் சேர்ந்த நல்ல ஜோடி!

இப்போது சமையற்கட்டில் கணக்குப் பார்க்கிற தாய்மார்கள் கேளுங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு, குடிக்க மட்டும், இரண்டு லிட்டர் தண்ணீர் என்று வைப்போம். 200 பேருக்கு 400 லிட்டர். 130 நாளைக்கு 52,000 லிட்டர். அதாவது 52 டன் வெறும் தண்ணீர். இது அளவு புரிவதற்காக நான் போட்ட கணக்கு. அவர்கள் மழைத் தண்ணீரையும் பிடித்திருப்பார்கள். அரிசி, உலர்ந்த ரொட்டி, பருப்பு எல்லாம் இதற்கு மேலே.

சரி, அதே கப்பல் நேர்வழியில் எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து போயிருந்தால்? செபுவுக்கும் மெக்சிகோவின் அக்காபுல்கோவுக்கும் நேர்வழி சுமார் 14,000 கிலோமீட்டர். நான் முன்னே சொன்ன 67 பாகைக் கணக்கில் அது 36,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றினால் 40,000. பக்கவாட்டு இழுப்பையும் சேர்த்தால் 70,000! தண்ணீர் எடுக்க இடமில்லை. அதற்குள் பாதிப் பேர் செத்திருப்பார்கள். உர்தானேத்தா சுற்றிப் போன வழி ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர். படத்தில் பார்த்தால் சுற்று வழி. உண்மையில் அதுதான் குறுக்கு வழி.

அவர்கள் போன விதத்தை உலகப் படத்தில் விரல் வைத்துப் பாருங்கள். போக வேண்டிய ஊர் கிழக்கே. கப்பலோ வடக்கு நோக்கிப் போகிறது. பத்தாவது பாகையில் கிளம்பி, இருபது, முப்பது என்று ஏறுகிறது. முன்னே போனவர்கள் திரும்பிய இடமும் தாண்டிவிட்டது. ஊருக்குப் போகிறோம் என்று ஏறினவனுக்கு எப்படி இருந்திருக்கும்? சென்னையிலிருந்து பினாங்குக்கு வரக் கப்பலேறியவன், கப்பல் கல்கத்தாப் பக்கம் திரும்புவதைப் பார்த்தால் சும்மா இருப்பானா? "ஐயா, தப்பான கப்பல்ல ஏறிட்டேனா?" என்று சட்டையைப் பிடிக்க மாட்டானா?

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது, நம்மில் எத்தனையோ பேர் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் கூடுதலாக உட்கார்ந்துதான் போயிருக்கிறோம். "பக்கத்து லயத்துப் பையன் முன்னே போயிட்டான், எம் புள்ளைக்கு ஒரு வருஷம் வீணாப் போச்சு" என்று வீட்டில் பேசுவார்கள். அந்தப் பிள்ளையின் காதில் விழுகிற மாதிரியே பேசுவார்கள். கப்பல் வடக்கே ஏறுகிற நேரத்தில் மாலுமியின் காதில் இப்படிப் பேசக் கூடாது.

கப்பல் 39ஆவது பாகையைத் தாண்டி ஏறியது. தோக்கியோவுக்கும் வடக்கே உள்ள உயரம் அது. மேலைக் காற்று கிடைத்தது. இனிமேல் கிழக்கே நாள்தோறும் ஓட்டம். ஆனால் சுலபமான ஓட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பச்சைக் காய்கறியோ பழமோ இல்லாமல் இரண்டு மூன்று மாதம் ஆனால் ஸ்கர்வி என்ற நோய் வரும். ஈறு வீங்கும், பல் ஆடும், பழைய புண் மறுபடி திறந்துகொள்ளும், கை கால் விழுந்துவிடும். வைட்டமின் சி இல்லாத குறை. அந்தக் காலத்தில் காரணம் யாருக்கும் தெரியாது. எலுமிச்சை, ஆரஞ்சு கொடுத்தால் குணமாகும் என்பதை 1747இல்தான் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் சோதித்துக் காட்டினார். வீட்டுப் பின்னால் கொய்யா மரம் வைத்திருக்கிறவர்கள் அதை வெட்டுவதற்கு முன்னே ஒரு தடவை யோசியுங்கள். ஆரஞ்சைவிடக் கூடுதலான வைட்டமின் சி அதில் இருக்கிறது.

செப்டம்பர் மாதம் கலிபோர்னியாக் கரையோரத் தீவு கண்ணில் பட்டது. அப்புறம் கரையை ஒட்டித் தெற்கே இறக்கம். அக்டோபர் 8ஆம் தேதி அக்காபுல்கோ. மொத்தம் 130 நாள். வழியில் இறந்தவர்கள் பதினைந்து பேர் அளவில். கப்பலுக்கு வழி சொல்லும் மீகாமன் கரையைக் கண்டபின், துறைமுகம் சேர்வதற்குச் சில நாள் முன்னே கண்ணை மூடினார். மிஞ்சியவர்களில் எழுந்து வேலை செய்யக்கூடியவர்கள் கொஞ்சம் பேர்தான். நங்கூரத்தை இறக்கக்கூடக் கைகளில் வலு இல்லை என்று சொல்வார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இனிமேல்தான் வருகிறது. இன்று பரிசு நாள் அல்லவா? அந்தக் கடலை மேற்கிலிருந்து கிழக்கே முதலில் கடந்தது உர்தானேத்தா இல்லை! அதே கூட்டத்தோடு புறப்பட்ட சான் லூக்காஸ் என்ற சிறிய கப்பல், இருபது பேர் அளவில் ஏறியிருந்தது, போகும் வழியிலேயே மற்றக் கப்பல்களை விட்டுப் பிரிந்துவிட்டது. அது தனியாகவே பிலிப்பைன்ஸ் போய், தனியாகவே வடக்கே ஏறி, 1565 ஆகஸ்ட் 9ஆம் தேதி, அதாவது சான் பெத்ரோவுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே, மெக்சிகோ சேர்ந்துவிட்டது. அதன் மீகாமன் லோப்பே மார்த்தின். போர்த்துக்கல்லைச் சேர்ந்தவர், ஆப்பிரிக்க வம்சாவளி கலந்த கறுப்பர். கையில் இருந்ததோ அந்தக் கூட்டத்திலேயே ஆகச் சின்னக் கப்பல்.

பரிசு கிடைத்ததா? இல்லை. வேண்டுமென்றே பிரிந்து ஓடினார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டது. மறு வருஷம் அவரை இன்னொரு கப்பலில் பிலிப்பைன்சுக்கே திருப்பி அனுப்பினார்கள். அங்கே போனால் தண்டனை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நடுக்கடலில் கலகம் செய்தார். கலகம் கலைந்து, ஒரு சின்னத் தீவில் அவரை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. அதற்குப் பிறகு அவரைப் பற்றிய செய்தியே இல்லை. கலகத்தை நான் நியாயப்படுத்தவில்லை. அதில் உயிர்கள் போயின. ஆனால் அவருடைய மீகாமத் திறமையை யாரும் மறுக்க முடியாது. பல காலம் புத்தகங்களில் உர்தானேத்தாவின் பெயர்தான் இருந்தது. அந்த இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். உர்தானேத்தாவின் கப்பலிலிருந்து வந்த வழிக்குறிப்புகளும் படங்களும் பின்னால் வந்தவர்களுக்குப் பயன்பட்டன. அந்தப் பெருமையை அவரிடமிருந்து எடுக்க வேண்டாம். முதலில் வந்தவன் பெயரையும் விட வேண்டாம்.

அந்த வழியில் 1565 முதல் 1815 வரை, 250 வருஷம், மணிலாவுக்கும் அக்காபுல்கோவுக்கும் இடையே கப்பல் ஓடியது. ஜூன், ஜூலையில் மணிலாவிலிருந்து கிளம்ப வேண்டும் என்பது சட்டம் மாதிரி. சரக்கு ஏற்றித் தாமதமாகக் கிளம்பினால் புயல் காலம் வந்துவிடும். பேராசைக்காரர்கள் சரக்கைக் கூட்டி ஏற்றினார்கள். தண்ணீர்ப் பீப்பாய்க்கு இடம் குறைந்தது. அதற்கு எத்தனையோ உயிர் விலை. கப்பல்கள் அந்தப் பக்கத்துச் செடி கொடிகளையும் இந்தப் பக்கம் கொண்டு வந்தன. நாம் சாப்பிடுகிற சிக்குப் பழம் மெக்சிகோப் பக்கத்துப் பழம். அந்தப் பெயரே அந்த நாட்டிலிருந்து பிலிப்பைன்ஸ் வழியாக மலாய் மொழிக்கு வந்ததுதான்.

காற்றைப் பற்றிய அறிவு அதற்குப் பிறகு எப்படி வளர்ந்தது என்று சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். அமெரிக்கக் கடற்படையில் மோரி என்று ஓர் அதிகாரி. 1839இல் குதிரை வண்டி கவிழ்ந்து கால் உடைந்ததால் கடலுக்குப் போக முடியாமல் அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே மூட்டை மூட்டையாகப் பழைய கப்பல் நாட்குறிப்புகள் கிடந்தன. குப்பை என்று மற்றவர்கள் விட்டிருந்தார்கள். எந்த நாளில், எந்த இடத்தில், எந்தக் காற்று என்று அவற்றிலிருந்து பொறுக்கி எடுத்து, 1847 முதல் காற்று வரைபடங்களை வெளியிட்டார். பாயைப் பிடித்து இழுத்தவர்கள் எழுதி வைத்த இரண்டு வரிக் குறிப்புகள்தான் அவை. எழுத்து தெரிந்த மாலுமி எழுதி வைத்தான். எத்தனையோ வருஷம் கழித்து, அவனை அறியாத ஒருவன் அதைக் கொண்டு உயிரோடு ஊர் சேர்ந்தான். மாதவாரியாகக் காற்றைக் காட்டும் அப்படிப்பட்ட வரைபடங்களைப் பார்த்துத்தான் இன்றும் நீண்ட பயணம் போகிறவர்கள் திட்டம் போடுகிறார்கள்.

நம் நாட்டு அசார் மன்சூர் 1999 பிப்ரவரியில் லங்காவியிலிருந்து "ஜாலுர் கெமிலாங்" என்ற பாய்ப்படகில் ஒற்றை ஆளாகக் கிளம்பி, உலகத்தைச் சுற்றி, ஆகஸ்டில் அதே லங்காவிக்குத் திரும்பினார். 190 நாள். நடுவில் பாய்மரமே உடைந்தது. அவரும் தெற்கே வெகு தூரம் இறங்கி, அங்கே வீசுகிற மேலைக் காற்றைப் பிடித்துக்கொண்டுதான் போனார். காற்றுக்கு எதிராகவே உலகைச் சுற்றுவேன் என்று கிளம்பியவரும் உண்டு. பிரிட்டனின் சே பிளைத், 1970 அக்டோபரில் கிளம்பி, எங்கும் நிற்காமல், தனியாக, 292 நாளில் முடித்தார். அதற்கென்றே இரும்பில் கட்டிய பெரிய படகு அது. எல்லாருக்கும் இரும்புப் படகு கிடைக்குமா?

அதனால்தான் ஹவாய்த் தீவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போகிற சிறு பாய்ப்படகுக்காரர்கள், ஊர் கிழக்கே இருப்பது தெரிந்தும், செயற்கைக் கோள் கையில் இருந்தும், இன்றைக்கும் துறைமுகத்தை விட்டதும் முதலில் படகை வடக்கே திருப்புகிறார்கள்.

பரிசு வாங்கும் பிள்ளைகள் பொறுமையாக இருந்தார்கள். தலைமையாசிரியர் பெயர்ப் பட்டியலோடு எழுந்து நிற்கிறார்.